பெரியாஸ்பத்திரியில் எது புதுமை?

1994 ஜூலையில் தமிழ்நாடு அரசு கம்பெனிகள் சட்டத்தின்கீழ் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்தது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று பெயர். மறுவருடம் ஜனவரியில் அது வேலையைத் தொடங்கியது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்குவது, கிடங்கில் வைப்பது, கேட்கும்போது கொடுப்பது, ஆரம்பத்தில் அதற்கு இடப்பட்ட பணி இவ்வளவுதான். ரிப்பன் வெட்டிக் காட்ட ஒரு கருவிகூடக் கிடையாது. இருந்தும், கடந்த 30 ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் செயல்பாட்டை மாற்றிய புதுமைகளை வரிசைப்படுத்தச் சொன்னால் இதைத்தான் முதலில் வைப்பேன். ஸ்கேன், உறுப்பு மாற்று அறுவை, ரோபோ எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

அதற்கு முந்தைய ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு இயக்குநரகமும் தனக்கு வேண்டியதைத் தனியாக வாங்கிக்கொண்டது. வருடத்துக்கு இவ்வளவு என்று இண்டென்ட் போகும். வருவது வரும்போது வரும். காய்ச்சல் பரவும் மாதத்தில் காய்ச்சல் மாத்திரை இருக்காது, நிதியாண்டு முடியும் மார்ச்சில் யாரும் கேட்காத டானிக் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். மாத்திரைகள் டப்பாவில் உதிரியாக வரும், காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். எந்தக் கம்பெனி, எந்தத் தேதி என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. கொள்முதலில் ஊழல் என்ற புகார் வேறு.

கழகம் செய்தது என்ன? எந்தெந்த மருந்து அவசியம் என்று மருத்துவர்களை வைத்துப் பட்டியல் போட்டது. வணிகப் பெயரில் வாங்காமல் மூலப்பெயரில் வாங்கியது. டெண்டரை இரண்டு உறைகளாகப் பிரித்தது. முதல் உறையில் கம்பெனியின் தகுதி, இரண்டாவதில் விலை. தகுதியில் தேறாதவரின் விலை உறை திறக்கப்படாது. மாத்திரைகளைப் பட்டையில் அடைத்து, தமிழ்நாடு அரசு விநியோகம், விற்பனைக்கல்ல என்று அச்சிட்டுத் தரவேண்டும் என்றது. மாவட்டம்தோறும் மருந்துக் கிடங்கு கட்டியது. இதன் உருவாக்கத்தோடு சேர்த்துப் பேசப்படும் பெயர் ஐ.ஏ.எஸ். அதிகாரி பூர்ணலிங்கத்துடையது.

இதில் இரண்டு விஷயங்களைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கவேண்டும்.

முதலாவது பாஸ்புக். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும், ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வருடத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு. பேங்க் பாஸ்புக் போலவேதான். மருந்தாளுநர் கிடங்குக்குப் போய், தன் ஆஸ்பத்திரியில் ஓடுகிற மருந்தை எடுக்கிறார், அதன் மதிப்பு பாஸ்புக்கில் கழிகிறது. பாம்புக்கடி அதிகம் வரும் ஊர் விஷமுறிவு மருந்தை அதிகம் எடுக்கலாம். சர்க்கரை நோயாளிகள் அதிகம் வரும் நகர ஆஸ்பத்திரி மெட்ஃபார்மினை எடுக்கலாம். வாங்குவது ஒரே இடத்தில், எதை எடுப்பது என்ற முடிவு ஓ.பி. சீட்டு எழுதப்படும் இடத்துக்கு அருகில். மருந்துப் பணத்தில் ஏறத்தாழ 10 சதவீதம் உள்ளூரில் வாங்கிக்கொள்ள விடப்பட்டது. கிடங்கில் இல்லாதபோது நோயாளியைத் திருப்பி அனுப்பாமல் இருப்பதற்கான இடைவெளி அது. மையப்படுத்தலா, பரவலாக்கலா என்று கருத்தரங்குகளில் மணிக்கணக்கில் நடக்கும் விவாதத்தை ஒரு சின்னப் புத்தகம் ஓசையில்லாமல் முடித்துவைத்தது.

இரண்டாவது, தரச் சோதனை. கிடங்குக்கு வந்த மருந்து உடனே வெளியே போகாது. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பல கிடங்குகளிலிருந்து வந்த ஒரே தொகுதியின் மாதிரிகளைக் கலந்து, கம்பெனி பெயர் தெரியாதபடி மறைத்து, குறியீட்டு எண் போட்டு, அங்கீகரிக்கப்பட்ட சோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். சோதிக்கிறவருக்கு இது யாருடைய சரக்கு என்று தெரியாது. தேறினால்தான் மருந்து கிடங்கைவிட்டு வெளியேறும், திரும்பத் திரும்பத் தவறும் கம்பெனி கறுப்புப் பட்டியலுக்குப் போகும். யாரும் நல்லவராக இருந்தாக வேண்டிய கட்டாயத்தை இந்த ஏற்பாடு குறைத்துவிடுகிறது. அரசு அலுவலகத்தில் நிர்வாகப் புதுமை என்று ஒன்று இருந்தால் அதன் இலக்கணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கேரளம் 2007-இலும் ராஜஸ்தான் 2011-இலும் இதே மாதிரியில் கழகங்களை அமைத்துக்கொண்டன. குறைகள் இல்லாமல் இல்லை. விலையை மிகவும் நெருக்கினால் டெண்டருக்கு ஆள் வராத மருந்துகள் உண்டு, வாங்கிவைத்துக் காலாவதியானவை உண்டு, தணிக்கை அறிக்கைகள் இவற்றைச் சுட்டியிருக்கின்றன. ஆனால் ஜி.எச்.சுக்குப் போனால் மருந்து கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு தமிழ்நாட்டில் ஒரு சாதாரண எதிர்பார்ப்பாக மாறியது. மருந்து கிடைக்காத நாளில் மக்கள் சண்டை போடுகிறார்களே, அதுவே அந்த மாற்றத்தின் அடையாளம். கிடைக்காது என்று தெரிந்த இடத்தில் யாரும் சண்டை போடுவதில்லை.

புதுமைக்கும் ஆஸ்பத்திரியின் செயல்திறனுக்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர்கள் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அளந்துவருகிறார்கள். இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டு சால்கே, வேரா ஆகிய இருவர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, புதுமை அதிகமுள்ள மருத்துவமனைகளில் சிகிச்சைத் தரமும் நிர்வாகத் திறனும் மேலாக இருப்பதாகக் கண்டது. எது காரணம் எது விளைவு என்பது இத்தகைய ஆய்வுகளில் எப்போதும் தொல்லை தரும் கேள்வி. நன்றாக நடக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் புதிதாக ஒன்றைச் செய்துபார்க்க ஆளும் பணமும் மனமும் இருக்கும். அதே ஆண்டில் வெளியான இன்னொரு ஆய்வில் டமன்பூரும் அவரது சகாக்களும் பிரிட்டனின் 428 பொதுச்சேவை அமைப்புகளை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்திருந்தார்கள். அவை ஆஸ்பத்திரிகள் அல்ல, உள்ளாட்சிகள். ஆண்டுதோறும் ஒரே வகைப் புதுமையில் மட்டும் கவனம் குவிப்பது செயல்திறனைக் கெடுக்கிறது என்று அவர்கள் கண்டது நமக்கும் பொருந்தும். இந்த வருடம் கருவி, அடுத்த வருடம் கம்ப்யூட்டர், அதற்கடுத்த வருடம் பயிற்சி வகுப்பு என்று திட்டம் போடும் துறைகள் இதை ஒருமுறை படித்துப்பார்க்கலாம்.

இதைவிடத் தெளிவான பாடம் ஒரு தாளிலிருந்து கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி தியேட்டரைவிட்டு வெளியேறுவதற்கு முன் என்று மூன்று இடங்களில் நின்று கேட்கவேண்டிய எளிய கேள்விகள். நோயாளி இவர்தானா? அறுக்கவேண்டிய பக்கம் இதுதானா? பஞ்சும் ஊசியும் எண்ணியாயிற்றா? புது டெல்லி உட்பட உலகின் எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் இதைப் பயன்படுத்தியபோது அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009-இல் வெளியான ஆய்வு சொன்னது. உலகம் முழுக்கப் பரபரப்பு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் எல்லா மருத்துவமனைகளும் இதைப் பின்பற்றவேண்டும் என்றது. 101 மருத்துவமனைகளின் தரவை ஆராய்ந்து 2014-இல் முடிவு வெளியானது. இறப்பு 0.71 சதவீதத்திலிருந்து 0.65. தற்செயலாகவும் நேரக்கூடிய அளவு வித்தியாசம். அதே தாள்தான், அதே கேள்விகள்தான். எட்டு மருத்துவமனைகளில் ஒரு குழு விரும்பிச் செய்தது, நூற்றியொன்றில் உத்தரவுக்காகச் செய்தார்கள். தொடங்கும்போதே ஒன்டாரியோவில் இறப்பு குறைவு, அதனால் குறைய இடமும் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆனாலும் டிக் போடுவது வேறு, நின்று கேட்பது வேறு.

உத்தரப் பிரதேசத்துக் கதை இன்னும் கடினமானது. அங்கே 24 மாவட்டங்களில் 120 அரசு சுகாதார நிலையங்களில், பிரசவத்துக்கான பட்டியலைக் கொடுத்து, எட்டு மாதங்கள் பக்கத்தில் இருந்து பழக்கினார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் கணக்கில் வந்தன. இது வெறும் டிக் அல்ல, பழக்கம் உண்மையிலேயே மாறியது. கை கழுவுவது, ரத்த அழுத்தம் பார்ப்பது, பிள்ளையை உடனே தாயின் மார்போடு சேர்ப்பது போன்ற 18 நடைமுறைகளில் பயிற்சி பெற்ற இடங்களில் இரண்டு மாதத்தில் 73 சதவீதம் நடந்தன, மற்ற இடங்களில் 42 சதவீதம். பயிற்சியாளர்கள் விலகியபின், பன்னிரண்டாம் மாதத்தில், 62-க்கு இறங்கியது. அப்போதும் மற்ற இடங்களைவிட மேல். ஆனால் தாய் சேய் இறப்பையும் தாய்க்கு நேரும் கடும் பாதிப்புகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது ஒரு பக்கம் 15.1 சதவீதம், மறுபக்கம் 15.3. 2017-இல் வெளிவந்த இந்த முடிவு பலரைச் சோர்வடையச் செய்தது. நர்ஸ் சரியாகக் கை கழுவி, சரியாக ரத்த அழுத்தம் பார்த்து, ஆபத்து என்று சரியாகக் கண்டுபிடித்தும்விடுகிறார். அதற்கடுத்து? வண்டி, ரத்தம், மயக்க மருத்துவர், தியேட்டர் இவற்றில் எது எத்தனை மைலுக்கு அப்பால் இருக்கிறது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. முடிவுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். என் கணிப்பில் இதுவே பெரியது.

தமிழ்நாடு அந்த அடுத்த படியிலிருந்து வேலையைத் தொடங்கியது. பேறுகால இறப்பு விகிதம் 2001-03 மாதிரிப் பதிவுக் கணக்கில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 134. இந்திய அளவு அப்போது 301. 2018-20-இல் தமிழ்நாடு 54, இந்தியா 97. இந்த இறக்கத்தை முழுக்க ஆஸ்பத்திரிகளின் கணக்கில் எழுதிவிட முடியாது. பெண்கள் படித்தார்கள், பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது, ஊருக்கு ரோடும் பஸ்ஸும் வந்தன. இருந்தாலும் ரத்தப்போக்கில் துடிக்கும் பெண்ணைப் படிப்பு மட்டும் காப்பாற்றாது.

2004 முதல் மாவட்டங்களில் சீமாங்க் எனப்படும் அவசர மகப்பேறு சிகிச்சை மையங்கள் அமைந்தன. இரவு இரண்டு மணிக்கும் சிசேரியன் செய்ய ஆளும், ஏற்ற ரத்தமும் இருக்கவேண்டும் என்பது அவற்றின் விதி. மயக்க மருத்துவர் கிடைக்காத ஊரில் எம்.பி.பி.எஸ். டாக்டருக்குக் குறுகிய காலப் பயிற்சி கொடுத்தார்கள். வெளியே தனியாராக இருப்பவரை ஒரு அறுவைக்கு இவ்வளவு என்று அழைத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களைப் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கவைத்தார்கள். 2008-இல் 108 வண்டி வந்தது. இவற்றில் எதுவும் தனியாக நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. வண்டி இருந்து தியேட்டர் இல்லையென்றால், ஆபத்தான பெண்ணை வேகமாக ஓரிடத்தில் கொண்டுபோய்க் காத்திருக்கவைக்கலாம், அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டின் மூளை என்று ஒன்றைச் சொல்வதானால் அது இறப்புத் தணிக்கை. 1990-களில் தொடங்கிப் பின்னர் கட்டாயமாக்கப்பட்ட நடைமுறை. பிரசவத்தையொட்டி ஒரு பெண் எங்கே இறந்தாலும், அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ வழியிலோ வீட்டிலோ, தகவல் போகவேண்டும். வீட்டுக்குப் போய் விசாரிப்பார்கள். எப்போது வலி வந்தது, யார் பார்த்தார்கள், எத்தனை மணிக்கு ரெஃபர் செய்தார்கள், வண்டி எப்போது வந்தது, அங்கே எவ்வளவு நேரம் காத்திருந்தாள் என்று மணிக்கணக்கை வரிசைப்படுத்துவார்கள். பிறகு மாவட்ட ஆட்சியர் முன்னிலையில், சம்பந்தப்பட்ட மருத்துவர்களோடு, இறந்த பெண்ணின் குடும்பத்தாரையும் அழைத்துவைத்துப் பேசுவார்கள். ஆட்சியர் எதிரே உட்கார்ந்து, என் மகளை மூன்று ஆஸ்பத்திரிக்கு அலையவிட்டார்கள் என்று ஒரு தகப்பன் சொல்வதை ஒரு துறை காது கொடுத்துக் கேட்க ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். தண்டிப்பதற்கல்ல, காரணம் அறிவதற்கு என்பது விதியின் நோக்கம். நடைமுறையில் பயம் இருக்கத்தான் செய்கிறது. பயம் கூடினால் கீழே இருப்பவர்கள் செய்வது ஒன்றுதான்: நம்மிடம் இறந்துவிடக்கூடாது என்று சீக்கிரமே மேலே ரெஃபர் செய்துவிடுவார்கள். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் என்ற நிலைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆட்கள் விஷயத்துக்கு வருவோம், எல்லாத் திட்டமும் கடைசியில் வந்து முட்டும் இடம் அது. கிராமத்தில் டாக்டர் தங்குவதில்லை என்பது இந்தியா முழுக்கக் கேட்கும் புலம்பல். தமிழ்நாடு பல பத்தாண்டுகளாக ஒரு வழி வைத்திருந்தது. மாநிலத்துக்குரிய முதுநிலை மருத்துவ இடங்களில் பாதியை அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு ஒதுக்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை செய்த இளம் டாக்டர் எம்.டி.யோ எம்.எஸ்.ஸோ படிக்கப் போவார். அரசுப் பணியில் தொடர்வேன் என்று பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டு, மகப்பேறு மருத்துவராகவோ மயக்க மருத்துவராகவோ தாலுகா ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருவார். சீமாங்க் மையங்களுக்கு ஆள் கிடைத்தது பெரும்பாலும் இந்தக் குழாய் வழியாகத்தான். சம்பளத்தை மட்டும் உயர்த்திப் பார்த்த மாநிலங்களுக்கு இது பிடிபடவில்லை. இளம் டாக்டருக்கு அந்த வயதில் வேண்டியது பணத்தைவிட மேற்படிப்பு இடம். மருத்துவக் கவுன்சில் விதிகளின் பேரில் இந்த ஒதுக்கீடு 2017-இல் நின்றுபோனது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்ட் 31-இல் தீர்ப்பளித்த பிறகே திரும்பியது. மருத்துவமனைச் செயல்திறன் பற்றிய ஆய்வேடுகளில் இந்த வழக்கு இடம்பெறுவதில்லை. இடம்பெறவேண்டும்.

டாக்டர்களுக்கு இப்படி யோசித்த அதே துறை நர்ஸ்களுக்கு யோசித்த விதம் வேறு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012-இல் அமைக்கப்பட்டு ஆள் எடுப்பது வேகமானது, நல்லது. ஆனால் 2015-இல் போட்டித் தேர்வு எழுதி வந்த ஆயிரக்கணக்கான ஸ்டாஃப் நர்ஸ்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். நிரந்தரமாக்கக் கோரி 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். ஊதியம் பின்னர் கூட்டப்பட்டது, நிரந்தரம் தவணை தவணையாக வருகிறது. 24 மணி நேரப் பிரசவம் என்ற புதுமை ராத்திரி டூட்டியில் யாருடைய தோளில் நின்றது என்பதற்கு இது பதில்.

கம்ப்யூட்டர் வந்த கதையையும் அந்தத் தோளிலிருந்து பார்த்தால்தான் விளங்கும். கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் பிக்மி என்ற பதிவு எண் உண்டு. 2008 வாக்கில் தொடங்கிய இந்தப் பதிவு இப்போது பிறப்புச் சான்றிதழ் வரை தொடர்கிறது, எண் இல்லாவிட்டால் அலைச்சல். அரசுக்கு இது அருமையான தரவு. எந்தக் கிராமத்தில் எத்தனை ரத்தசோகை, யாருக்கு எப்போது பிரசவம் என்று சென்னையில் இருந்தபடி பார்க்கலாம். கீழே, கிராம சுகாதார செவிலியர் முதலில் ரிஜிஸ்டரில் எழுதுகிறார், பிறகு தாய் சேய் அட்டையில் எழுதுகிறார், ராத்திரி வீட்டுக்குப் போய் சர்வர் ஒத்துழைக்கும் நேரத்தில் அதையே தட்டச்சு செய்கிறார். கணினி வந்தபிறகும் ரிஜிஸ்டரை எடுத்துவிட யாருக்கும் துணிவில்லை, ஆடிட்டுக்கு வருகிறவர் ரிஜிஸ்டரைத்தான் கேட்பார். உலக வங்கிக் கடனோடு 2005-இல் தொடங்கிய சுகாதாரத் திட்டத்தில் ஆஸ்பத்திரிகளுக்கு வந்த மருத்துவமனை மேலாண்மை மென்பொருளுக்கும் பல இடங்களில் இதே கதி. எழுதுகிற வேலை இரட்டித்தது, எழுதுகிற ஆள் இரட்டிக்கவில்லை. பிரசவ வலியின் போக்கை மணிக்கு மணி குறிக்கவேண்டிய பார்ட்டோகிராஃப் படம், குழந்தை பிறந்தபிறகு அழகாக வரையப்படுவதும் இப்படித்தான். மேலே போகும் தரவில் அது குறையற்ற பிரசவம்.

பழைய வேலை எதை இது விலக்குகிறது என்று சொல்ல முடியாத டிஜிட்டல் திட்டத்தைப் புதுமை என்று சொல்லவே எனக்குத் தயக்கம்.

பணம் வரும் வழியை மாற்றிய புதுமையும் உண்டு. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக அது மாறியது. தொடக்கத்தில் எழுந்த குற்றச்சாட்டு நியாயமானது: அரசுப் பணம் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. போனது. ஆனால் அரசு மருத்துவமனைகளும் தாங்கள் செய்யும் அறுவைக்குக் காப்பீட்டுத் தொகை பெறலாம் என்று ஆனபோது, டீன் கையில் முதன்முறையாக, கருவூலத்துக்குக் கோப்பு அனுப்பாமல் செலவழிக்கக்கூடிய ஒரு தொகை வந்தது. அதன் ஒரு பகுதி ஊழியருக்கு ஊக்கத்தொகை, மீதி ஆஸ்பத்திரிக்கு. மூட்டு மாற்று அறுவைக்கான செயற்கை மூட்டு, இதய ரத்தக்குழாய் ஸ்டென்ட் இவற்றை நோயாளியை வெளியே வாங்கிவரச் சொல்லாமல் செய்ய முடிந்தது இதனால்தான். இதற்கு ஒரு நிழலும் உண்டு. காப்பீட்டில் வருகிற சிகிச்சைக்குக் கவனம் கூடும், வராத சிகிச்சை ஓரத்தில் நிற்கும். நாள்பட்ட புண்ணோடு மூன்று மாதம் படுத்திருக்கும் சர்க்கரை நோயாளியால் ஆஸ்பத்திரிக்கு வருமானம் குறைவு.

2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டமும் இதே வகை. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அரசே கட்டும் என்று அது தொடங்கியது. எந்த மாநிலத்தவர் என்று கேட்பதில்லை, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியும் பணம் கேட்காமல் சேர்க்கவேண்டும். புதிதாக ஒரு மருந்தோ கருவியோ இல்லை. வாசலில் கேட்கப்படும் கேள்வியிலிருந்து பணத்தை எடுத்துவிட்டார்கள்.

2008-இல் அரசாணைகளோடு அமைந்த மூளைச்சாவு உறுப்பு தான ஏற்பாட்டையும் இந்த வரிசையில் வைக்கலாம். அந்த செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவடைந்த ஹிதேந்திரனின் பெற்றோர் மகனின் உறுப்புகளைக் கொடுத்தது மக்கள் மனத்தைத் திறந்தது. அதை ஒரு நிரந்தர ஏற்பாடாக்கியது, யார் மூளைச்சாவைச் சான்றளிப்பது, எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த உறுப்பு, வரிசை எப்படி என்று எழுதிவைத்த விதிகள்.

செயல்திறனை அளப்பதில் இருக்கும் கண்ணிக்கு இங்கிலாந்தே நல்ல உதாரணம். அவசரப் பிரிவுக்கு வருகிறவரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்கவேண்டும் என்று 2000-களில் இலக்கு வைத்தார்கள். காத்திருப்பு குறைந்தது, அது உண்மை. சில இடங்களில் ஆம்புலன்ஸ்கள் நோயாளியோடு ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்தப்பட்டதையும் பெவன், ஹூட் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் எழுதினார்கள். உள்ளே வந்தால்தானே கடிகாரம் ஓடும்!

நம்மிடம் அந்தக் கடிகாரம் சிசேரியனில் ஓடுகிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21-இல் நடந்தது. அதன்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 99 சதவீதத்துக்கு மேல் மருத்துவமனையில் நடக்கின்றன, மூன்றில் இரண்டு பங்கு அரசு மருத்துவமனைகளில். கொண்டாடவேண்டிய எண்கள். அதே கணக்கெடுப்பில் சிசேரியன் 45 சதவீதம். தனியாரில் 64 என்பது யாருக்கும் ஆச்சரியம் தராது. அரசு மருத்துவமனைகளில் 36, அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 26. அங்கே கத்தி வைப்பதால் யாருக்கும் லாபமில்லை. பிறகு ஏன் ஏறுகிறது? இறப்புத் தணிக்கையின் பயம், மேலே மேலே ரெஃபர் ஆகி வரும் ஆபத்தான பிரசவங்கள், முதல் பிரசவம் சிசேரியன் என்பதால் அடுத்ததும் சிசேரியன், இரவெல்லாம் ஒரு பெண்ணின் பக்கத்தில் நின்று காத்திருக்க நர்ஸ் போதாமை. உயிரைக் காப்பாற்றக் கட்டிய தியேட்டர் பொறுமைக்குப் பதிலாகவும் பயன்படத் தொடங்கிவிட்டது. இறப்பை மட்டும் அளக்கிற அட்டவணையில் இது வெற்றியாகவே தெரியும்.

அரசு ஆஸ்பத்திரியில் புதுமை முளைக்காது என்று பேசுகிறவர்கள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைக் காட்டுவார்கள். டாக்டர் வெங்கடசாமி அதை 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கினார், அது தனியார் அறக்கட்டளை, சரி. ஆனால் அவர் அதற்கு முன் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவர். முகாம் நடத்துவது, ஒரே நாளில் ஏராளமான கண்புரை அறுவைகளைத் தரம் குறையாமல் செய்வது, இவற்றையெல்லாம் அவர் பழகியது அரசுச் சம்பளத்தில், அரசு நோயாளிகளிடம். 58 வயதில் ஓய்வுபெற்று வெளியே வந்து பெரிதாக்கினார். அரசு மருத்துவமனை எதைச் செய்ய இயலாததாக இருந்தது என்று கேட்டால், கண்டுபிடிப்பதை அல்ல, கண்டுபிடித்தவரையும் அவரது முறையையும் ஓய்வு வயதுக்குப் பின்னும் தக்கவைப்பதை. மூன்று ஆண்டுக்கொருமுறை மாற்றலாகும் டீன், புதிதாக வந்ததும் தன் பெயரில் ஒரு திட்டம் வேண்டும் என்று நினைக்கும் செயலாளர், இவர்களைத் தாண்டி நிற்கவேண்டுமானால் புதுமை ஒரு அரசாணையாகவோ, பாஸ்புக்காகவோ, இட ஒதுக்கீடாகவோ ஆகியிருக்கவேண்டும். மனிதர்களை நம்பிய திட்டங்கள் மாறுதல் உத்தரவோடு போய்விடுகின்றன.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்த விவாதத்தைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோகிறது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்க ஓ.பி. வரிசையில் நின்றவர்களுக்கு, வீட்டுக்கே வந்து அளவு பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். ஒழுங்காக நடந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டம் குறையவேண்டும். பக்கவாதமும் சிறுநீரகக் கோளாறும் குறைந்து சில ஆண்டுகளில் படுக்கைகளும் கொஞ்சம் காலியாகவேண்டும்.

ஆனால் தமிழ்நாட்டு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பெரும்பாலானவை இப்போது மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள். 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 கல்லூரிகள் திறக்கப்பட்டன. ஒரு கல்லூரிக்கு அங்கீகாரம் கொடுக்க வருகிற ஆய்வுக்குழு பார்ப்பது ஓ.பி.யில் தினம் எத்தனை பேர், படுக்கைகளில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று. கேட்கும் ஆட்களும் கிடைக்கும் பணமும் இதே எண்ணிக்கையை வைத்துத்தான். வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோகும் திட்டம் எவ்வளவு நன்றாக நடக்கிறதோ, அவ்வளவுக்கு அந்த ஆஸ்பத்திரியின் எண்கள் கீழே போகும். வராத நோயாளிக்கு மதிப்பெண் போடும் பத்தி ஒன்று எந்தப் படிவத்திலும் இன்னும் சேரவில்லை.